வட்டு அணியும் வானிலைப் பதிவேடும்

நாள்தோறும் காலை 8.30 மணிக்கு நாடெங்கிலும் உள்ள மழைமானி நிலையங்களில், முந்தைய 24 மணி நேரத்தில் பெய்த மழை அளக்கப்படுகிறது. அளந்த நீர் கீழே கொட்டப்பட்டு விடுகிறது. பதிவேட்டில் எழுதப்பட்ட எண் ஒன்றே எஞ்சி நிற்கிறது. அந்த எண் தொலைந்து போனால், அந்நாளின் மழையை மறுபடியும் அளப்பதற்கு எவ்வித வழியும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் நடைபெறும் சோதனையை மீண்டும் செய்து பார்க்கலாம். கடந்து போன ஒரு நாளின் வானிலையை மீண்டும் வரவழைக்க இயலாது. ஆகவே விவரங்களைச் சேகரிப்பது எவ்வளவு முக்கியமோ, அவற்றைக் காப்பதும் அவ்வளவு முக்கியமாகும்.

1875-ஆம் ஆண்டில் இந்திய வானிலை இலாகா நிறுவப்பட்டது. 1928-ஆம் ஆண்டில் அதன் தலைமை அலுவலகம் சிம்லாவிலிருந்து புணே நகருக்கு மாற்றப்பட்டது. 1944-ஆம் ஆண்டில் தலைமை அலுவலகம் டில்லிக்குச் சென்ற பின்னரும், நாட்டின் வானிலைப் பதிவுகளைத் தொகுத்துக் காக்கும் பணி புணேயிலேயே தொடர்ந்தது. இன்று இலாகாவின் தேசியத் தரவு மையம் அந்நகரில் இயங்குகிறது. முதலில் தாள்களிலும், பின்னர் துளையிட்ட அட்டைகளிலும், அதன் பின்னர் காந்த நாடாக்களிலும் இருந்த விவரங்கள் இப்பொழுது கணினியின் வட்டுகளுக்கு வந்து சேர்ந்துள்ளன.

பழைய பதிவுகளால் என்ன பயன் என்று சிலர் வினவலாம். 1904 முதல் 1924 வரை இலாகாவின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், உலகின் பல பகுதிகளில் ஆண்டுக்கணக்காக எழுதப்பட்டு வந்த காற்றழுத்த, மழை எண்களை ஒப்பிட்டே, பசிபிக் பெருங்கடலுக்கும் இந்துமாக்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் ஏறியிறங்கும் தென் அலைவைக் கண்டறிந்தார். இன்றைய பருவமழை முன்னறிவிப்பில் அதற்கு முக்கிய இடம் உண்டு. அந்த எண்களை எழுதிவைத்த சிப்பந்திகள் இத்தகைய பயனை எதிர்பார்த்து எழுதியவர்கள் அல்லர். எந்தப் பதிவு எந்நாளில் உதவும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

சிறிய விவரமும் பெரிய சேமிப்பும்

புணே அலுவலகம் 1901-ஆம் ஆண்டு முதலான தினசரி மழையளவைக் கட்டங்களாகப் பகுத்து வெளியிட்டுள்ளது. 2014-ஆம் ஆண்டில் வெளியான இத்தொகுப்புக்கு 6,955 நிலையங்களின் பதிவுகள் பயன்பட்டன. இந்தியப் பகுதி நீளவாட்டில் 129 ஆகவும், அகலவாட்டில் 135 ஆகவும் பகுக்கப்பட்டு, 17,415 புள்ளிகள் அமைகின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நாளைக்கு ஓர் எண். ஓர் எண்ணுக்கு 4 பைட். ஓராண்டுக்குச் சுமார் இரண்டரைக் கோடி பைட் ஆகிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட மழை விவரம் முழுவதும் ஒரு சாதாரண வட்டின் மூலையில் அடங்கிவிடும்.

ஆனால் ராடார், செயற்கைக்கோள் ஆகியவற்றின் படங்களும், முன்னறிவிப்புக் கணக்கீடுகளின் முடிவுகளும் அவ்வாறு அடங்குவன அல்ல. புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் 2018-ஆம் ஆண்டில் 'பிரத்யுஷ்' என்னும் மீக்கணினியும், 2024-ஆம் ஆண்டில் 'அர்கா' என்னும் மீக்கணினியும் அமைக்கப்பட்டன. அர்காவின் சேமிப்புக் கொள்ளளவு 33 பெட்டாபைட் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு பெட்டாபைட் ஆயிரம் டெராபைட் ஆகும். 20 டெராபைட் வட்டுகளைக் கொண்டு இக்கொள்ளளவை அமைப்பதானால், 1,650 வட்டுகள் வேண்டும். ஆண்டுக்கு நூற்றுக்கு ஒரு வட்டு பழுதாகும் என்று கொண்டாலும், ஓராண்டில் பதினாறு வட்டுகளை இழக்க நேரும். அதாவது, இவ்வளவு பெரிய அமைப்பில் வட்டு பழுதாவது ஒரு விபத்து அன்று. அன்றாட நிகழ்ச்சியே ஆகும். அந்நிகழ்ச்சியினால் விவரம் அழியாதபடி செய்யும் உபாயமே வட்டு அணி.

வட்டு அணியின் தத்துவம்

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்பு யந்திரத்தில் 50 பெரிய தட்டுகள் இருந்தன. அதில் சுமார் 50 லட்சம் எழுத்துகளே அடங்கின. காலப்போக்கில் சிறிய, மலிவான வட்டுகள் பெருகின. 1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும், பல மலிவான வட்டுகளை ஒன்றாகப் பிணைத்து, ஒன்று பழுதானாலும் விவரம் அழியாதவாறு வேலை செய்யவைக்கலாம் என்று ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினர். இம்முறைக்கு 'ரெய்டு' என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

இதன் தத்துவம் எளிது. மூன்று நிலையங்களில் 12, 30, 7 மில்லிமீட்டர் மழை பதிவாகி, மொத்தம் 49 என்று நான்காம் பத்தியில் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். இரண்டாம் நிலையத்தின் எண் மை கொட்டி மறைந்துவிட்டாலும், 49-இலிருந்து 12-ஐயும் 7-ஐயும் கழித்தால் 30 கிடைத்துவிடும். மொத்தம் எழுதிய பத்தியே மறைந்துவிட்டாலும் நஷ்டமில்லை, மீண்டும் கூட்டிக்கொள்ளலாம்.

கணினி கூட்டலுக்குப் பதிலாக ஒற்றை, இரட்டை என்னும் கணக்கைக் கையாள்கிறது. இதை வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். மூன்று மாணவர்கள் தத்தம் சிலேட்டில் 1 அல்லது 0 என்று எழுதட்டும். மூவரின் சிலேட்டுகளிலும் உள்ள ஒன்றுகள் ஒற்றைப்படையாக இருந்தால் நான்காம் மாணவன் 1 என்றும், இரட்டைப்படையாகவோ அறவே இல்லாமலோ இருந்தால் 0 என்றும் எழுதவேண்டும். 1, 0, 1 என்று இருந்தால் நான்காவது 0 ஆகும். இப்பொழுது யாரேனும் ஒருவரின் சிலேட்டை அழித்துவிடலாம். நால்வரின் ஒன்றுகளும் சேர்ந்து இரட்டைப்படையாக இருக்கவேண்டும் என்பது விதி. ஆகவே அழிந்தது எதுவென்று மற்ற மூவரும் சொல்லிவிடுவார்கள். நான்காம் மாணவன் எழுதியது 'பாரிட்டி' எனப்படும் சரிபார்ப்பு எண். வட்டு அணியில் சிலேட்டுகளின் இடத்தில் வட்டுகள் உள்ளன.

அணியின் வகைகள்

முதல் வகை பூஜ்ய வகை. இதில் விவரம் பல வட்டுகளில் துண்டு துண்டாகப் பரப்பி எழுதப்படும். வேகம் மிகும்; பாதுகாப்பு இல்லை. ஒரு வட்டு போனால் யாவும் போய்விடும். மீண்டும் கணக்கிட்டுப் பெறக்கூடிய தற்காலிக விவரங்களுக்கே இது ஏற்றது.

ஒன்றாம் வகையில், ஒரே விவரம் இரண்டு வட்டுகளில் கண்ணாடிப் பிரதியாக எழுதப்படும். கொள்ளளவில் பாதி செலவாகும். ஆனால் அமைப்பதும் பழுது பார்ப்பதும் எளிது. சிறிய அலுவலகத்துக்கு இதுவே போதும்.

ஐந்தாம் வகையில், மேலே கூறிய சரிபார்ப்பு எண் எல்லா வட்டுகளிலும் சுழற்சி முறையில் எழுதப்படுகிறது. 8 டெராபைட் வட்டுகள் நான்கைக் கொண்டு அமைத்தால் 24 டெராபைட் கிடைக்கும். ஒரு வட்டு பழுதானால் தாங்கும். ஆறாம் வகையில் வேறொரு கணக்கின்படி இரண்டாவது சரிபார்ப்பு எண்ணும் எழுதப்படுகிறது. இரண்டு சமன்பாடுகள் இருந்தால் தெரியாத எண்கள் இரண்டைக் கண்டுபிடிக்கலாம் என்பது ஆசிரியர்கள் அறிந்ததே. ஆகவே எந்த இரண்டு வட்டுகள் பழுதானாலும் இவ்வகை தாங்கும்.

ஒரு வட்டின் பழுதைத் தாங்கினால் போதாதா என்னும் கேள்வி எழுகிறது. பழுதான வட்டுக்குப் பதிலாகப் புதியதை வைத்ததும், இழந்த விவரத்தைக் கணக்கிட்டு அதில் முழுவதும் எழுதியாக வேண்டும். 8 டெராபைட் வட்டில் வினாடிக்கு 200 மெகாபைட் வீதம் இடைவிடாது எழுதினாலும், அப்பணி முடிய 11 மணி நேரம் ஆகும். 20 டெராபைட் வட்டானால் ஒரு நாளுக்கு மேல் செல்லும். அந்நேரம் முழுவதும் மற்ற வட்டுகள் ஓயாமல் படிக்கப்படுகின்றன. ஒரே நாளில் வாங்கி ஒரே அளவு உழைத்த வட்டுகளாயின், அவற்றுள் இன்னொன்றும் அப்பொழுது தளர்ந்துவிடக் கூடும். பெரிய வட்டுகளுக்கு ஆறாம் வகை பரிந்துரைக்கப்படுவதன் காரணம் இதுவே.

லினக்ஸ் சர்வரில் அமைக்கும் முறை

உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில் உள்ளவை யாவும் 2017 நவம்பர் முதல் லினக்ஸ் இயக்க முறையிலேயே இயங்கி வருகின்றன. அதே லினக்ஸ் ஒரு கல்லூரியின் சிறு சர்வரிலும் இயங்கும். வட்டு அணிக்கான பகுதி அதன் உட்கருவிலேயே உள்ளது. 'எம்.டி.ஏ.டி.எம்.' என்னும் நிரல் அதை ஏவுவதற்கு உதவுகிறது.

முதலாவதாக, ஒவ்வொரு வட்டின் வரிசை எண்ணையும், அது பொருத்தப்பட்ட இடத்தையும் ஒரு தாளில் குறித்து, வட்டின் மேலும் சீட்டு ஒட்டவேண்டும். பழுதான வட்டை எடுப்பதற்குப் பதிலாக நல்ல வட்டை உருவிவிடுவது அடிக்கடி நேரும் தவறு. அத்தவறை இந்தத் தாள் தடுக்கும்.

இரண்டாவதாக, அணியின் வகை, வட்டுகளின் எண்ணிக்கை, அவற்றின் பெயர்கள் ஆகியவற்றைக் கொடுத்து அணியை உருவாக்கவேண்டும். அவ்வட்டுகளில் முன்பு இருந்த விவரம் அழிந்துவிடுமாதலால், பெயர்களை இருமுறை சரிபார்ப்பது அவசியம். உருவான அணி ஒரே பெரிய வட்டைப் போலத் தோன்றும். உறுப்பினர் விவரம் ஒவ்வொரு வட்டிலும் எழுதப்பட்டிருப்பதால், சர்வர் பழுதானாலும் வட்டுகளை வேறொரு லினக்ஸ் கணினிக்கு மாற்றி அணியை மீண்டும் கூட்டலாம்.

மூன்றாவதாக, அணியின் மீது 'எக்ஸ்ட்-4' அல்லது 'எக்ஸ்.எஃப்.எஸ்.' போன்ற கோப்பு முறையை அமைக்கவேண்டும். வெறும் அலமாரியில் தட்டுகளும் அடையாளச் சீட்டுகளும் பொருத்துவதற்கு இதை ஒப்பிடலாம்.

நான்காவதாக, அதை இணைக்கவேண்டும். இதுவே 'மவுண்ட்' எனப்படும். லினக்ஸில் கோப்புகள் யாவும் வேர் ஒன்றிலிருந்து கிளைக்கும் மரமாக உள்ளன. வெறுமையான ஓர் அடைவைத் தேர்ந்து, அந்தக் கிளையில் அணியை ஒட்டுகிறோம். அதன் பின்னர் அந்த அடைவில் எழுதுவது யாவும் அணிக்குச் செல்லும். கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் இது தானே நடைபெறுவதற்கு, 'எஃப்.எஸ்.டேப்' என்னும் பட்டியலில் ஒரு வரி சேர்க்கவேண்டும். அவ்வரியில் சாதனத்தின் பெயரை எழுதாமல், கோப்பு முறைக்கே உரிய 'யூ.யூ.ஐ.டி.' என்னும் நிலையான அடையாள எண்ணை எழுதவேண்டும். கணினி மறுபடி தொடங்கும்போது சாதனப் பெயர்கள் மாறக்கூடும். அடையாள எண் மாறாது. அணியின் அமைப்பு விவரத்தையும் அதற்குரிய கோப்பில் பதிந்துவிட்டு, ஒருமுறை கணினியை நிறுத்தித் தொடங்கிப் பார்த்த பின்னரே வேலை முடிந்ததாகக் கொள்ளவேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. ஏதோ காரணத்தால் அணி இணைக்கப்படாமல் போனாலும், அந்த வெறும் அடைவு அங்கேயே இருக்கும். எழுதும் நிரல்கள் வேறுபாடு அறியாமல் அதில் எழுதிக்கொண்டே போகும். விவரம் அணிக்குச் செல்லாமல் கணினியின் சொந்த வட்டில் சேரும். பின்னர் அணியை இணைத்ததும் அக்கோப்புகள் கண்ணுக்கு மறைந்துவிடும். மறைந்தவை அழிந்தவை அல்ல. இணைப்பை எடுத்தால் மீண்டும் தெரியும். எனினும் இக்குழப்பத்தைத் தவிர்க்க, இணைப்பதற்கு முன்பே வெறும் அடைவை எவரும் எழுத முடியாதபடி பூட்டிவிடுவதும், எழுதும் நிரல் முதலில் இணைப்பைச் சோதித்துக்கொள்ளும்படி செய்வதும் நல்லது.

பராமரிப்பு

அணியில் ஒரு வட்டு பழுதானாலும் வேலை தடையின்றி நடைபெறும். இது அதன் சிறப்பு; இதுவே அதன் ஆபத்தும் ஆகும். எவரும் கவனியாமல் விட்டால், முதல் பழுது தெரியாமலே அடுத்த பழுதுகள் நேர்ந்துவிடும். ஆகவே பழுது நேர்ந்தவுடன் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும். மாதம் ஒருமுறை அணி முழுவதையும் படித்துச் சரிபார்க்கவும், ஒரு மாற்று வட்டைக் கையிருப்பில் வைத்திருக்கவும் வேண்டும். மின்சாரம் திடீரென நின்றுவிடும் இடங்களில் யூ.பி.எஸ். இன்றி அணியை இயக்கக் கூடாது.

இறுதியாக, வட்டு அணி என்பது மாற்றுப் பிரதி அன்று. வட்டின் பழுதிலிருந்து மட்டுமே அது காக்கும். தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், எல்லா வட்டுகளிலும் அந்தக் கணமே அது அழியும். தீ, வெள்ளம், திருட்டு ஆகியவற்றுக்கும் அணி தடையாகாது. எனவே மற்றொரு கட்டடத்தில், இயலுமானால் மற்றோர் ஊரில், தனிப் பிரதி ஒன்று இருந்தாக வேண்டும். அப்பிரதியிலிருந்து சில கோப்புகளை அவ்வப்போது மீட்டுப் பார்ப்பதும் அவசியம். படிக்க முடியாத பிரதியால் பயனில்லை. கள அலுவலகங்களில் உள்ள மூலப் பதிவேடுகளையும், விவரம் கணினியில் ஏறிவிட்டது என்பதற்காக அழித்துவிடலாகாது. கணினியில் ஓர் எண் தவறாக ஏறியிருந்தால், அதைத் திருத்துவதற்குச் சான்று அந்தப் பதிவேடு ஒன்றே.