மறுபடி சூடாக்கினாலும் போகாத நஞ்சு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போக வேண்டுமென்றால், நாலரைக்கே சோறு வடித்துக் கட்டியாக வேண்டும். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அந்தச் சோற்றுக்கு ஏழெட்டு மணி நேரம் வயதாகியிருக்கும். முகர்ந்து பார்ப்போம், ஊசவில்லை என்றால் சாப்பிடுவோம். மாலையில் வாந்தி வந்தால் வெயில் மேல் பழியைப் போடுவோம்.

மூக்கை நம்புவதுதான் தப்பு. சோற்றை நாறவைக்கும் கிருமிகள் வேறு, நஞ்சு சுரக்கும் கிருமிகள் வேறு. மண்ணிலிருந்து அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் கொதிநீரில் செத்தாலும் அதன் வித்துகள் பிழைத்துவிடும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அதன் வாந்தி நஞ்சு 121 டிகிரி சூட்டில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. நம் சோற்றுப் பானை எட்டுவதோ நூறு டிகிரிதான். அதனால் 'சூடு பண்ணிச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது' என்பது இங்கே பலிக்காது. வெள்ளைச் சோற்றைவிடப் புளியோதரை கட்டுச்சோறாகத் தாங்குவதற்குக் காரணம் புளியின் அமிலம். அமிலத்தில் இந்தக் கிருமி எளிதில் வளர்வதில்லை.

இன்னொன்று ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மூக்கில் இது குடியிருக்கிறது. விரலில் வெட்டுக்காயத்தோடு சட்னி கிளறினாலோ, மூக்கைத் துடைத்த கையால் அவித்த முட்டை உரித்தாலோ உணவுக்குள் இறங்கிவிடும். இதன் நஞ்சும் கொதிக்கவைத்தால் போகாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி பிடிக்கும்.

உடனே மெடிக்கல் ஷாப்பில் இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். அது கிருமியைத்தான் கொல்லும், ஏற்கெனவே வயிற்றுக்குள் போன நஞ்சை ஒன்றும் செய்யாது. குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் சாக, மருந்துக்கு அடங்காதவை மிஞ்சிப் பெருகும். சட்னி, வெட்டிய பழம் போல, வேகவைக்காமல் அப்படியே உண்பவற்றின் வழியாகவும் மருந்துக்கு அடங்காத கிருமிகள் உயிரோடு உள்ளே போகலாம். அன்றைக்கு நோய் தராமலேகூட, மருந்தை எதிர்க்கும் மரபணுவைக் குடலின் மற்ற பாக்டீரியாக்களுக்குக் கொடுத்துவிடலாம். பிறகொரு நாள் சிறுநீர்த் தொற்று வந்தால் மருந்து வேலை செய்யாமல் போகலாம். இது எங்கோ நடப்பதல்ல. 2010-ல் லான்செட் இதழ்க் குழுமம் வெளியிட்ட என்.டி.எம்-1 ஆய்வில், வலிமையான மருந்துகளையே வெல்லும் அந்த மரபணு கொண்ட கிருமிகள் சென்னை நோயாளிகளிடமும் கண்டறியப்பட்டன.

மொத்தச் சமையலில் ஒரு தவறு எத்தனை பேரைச் சாய்க்கும் என்பதை 2021 டிசம்பரில் பார்த்தோம். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்து, பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் தங்கியிருந்த பெண்களில் 250 பேருக்கு மேல் உணவு நஞ்சானது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சமையலறையில் எலிகளும் மோசமான வடிகாலும் இருந்தது ஆய்வில் தெரிந்தது. சக தொழிலாளிகள் நெடுஞ்சாலையை மறித்த பிறகே ஊர் திரும்பிப் பார்த்தது.

சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ இருக்க வேண்டும். கேன்டீன் நடத்துவோரே, ஷிஃப்டுக்கு ஒருமுறை புதிதாகச் சமையுங்கள். கையில் காயம் உள்ளவரைச் சம்பளம் பிடிக்காமல் அடுப்படியிலிருந்து விலக்கிவையுங்கள். சாப்பிடுகிறவர்களே, வாந்தி வந்தால் முதலில் உப்புச் சர்க்கரைக் கரைசல் குடியுங்கள். காய்ச்சலோ ரத்தமோ கண்டால் மருத்துவரிடம் ஓடுங்கள். அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மாத்திரையைச் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.