ஏ-பி-சி-டி தெரிந்தும் படிக்க வராதது ஏன்?

நான்கு வயதுக் குழந்தை ‘ஏ’ முதல் ‘இசட்’ வரை ஒரே மூச்சில் ஒப்பித்தால் வீட்டில் எல்லோருக்கும் பெருமைதான். அதே குழந்தையிடம் பூனைக்கான மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை எழுதிக் காட்டினால், ‘சி, ஏ, டி’ என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். குழந்தைமேல் குறை இல்லை. அது சொன்னவை எழுத்துகளின் பெயர்கள். அவற்றை எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் அந்தச் சொல் வராது. எழுத்தின் ஒலியைச் சொல்லிக்கொடுத்து, ஒலிகளைக் கூட்டிப் படிக்க வைப்பதுதான் ஃபோனிக்ஸ்.

தமிழில் இந்தத் தொல்லை கிடையாது. ‘மா’வின் பெயரும் ‘மா’, ஒலியும் ‘மா’. ஆங்கிலத்திலோ இருப்பது 26 எழுத்து, ஒலிகள் சுமார் 44. அதனால் ஃபோனிக்ஸ் அகர வரிசையில் போவதில்லை. இங்கிலாந்தில் 1992-இல் கையேடாக வெளிவந்த ‘ஜாலி ஃபோனிக்ஸ்’ எஸ், ஏ, டி, ஐ, பி, என் ஆகிய ஆறு எழுத்துகளில் தொடங்குகிறது. இந்த ஆறு தெரிந்தாலே ஊசி, தகரம், தட்டு, உட்கார்ந்தது போன்ற பல சிறு ஆங்கிலச் சொற்களைக் குழந்தை தானாகப் படித்துவிடும். முதல் சில வாரங்களிலேயே ‘நானே படித்தேன்’ என்ற மகிழ்ச்சி கிடைக்கிறது.

சொல்லிக்கொடுக்கும் பெரியவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது தங்கள் வாயை. ‘க, ஆ, ட’ என்று உயிரை ஒட்டவைத்துச் சொன்னால் ஒலிகள் கூடாது. புள்ளி வைத்த மெய்யாகச் சொல்ல வேண்டும். நமக்குப் பழகிய விஷயம்தான், ஆனால் நாம் மெய்யெழுத்தை ‘இக்’, ‘இட்’ என்று முன்னால் இகரம் சேர்த்துச் சொல்லிப் பழகியிருக்கிறோம். அதையும் விட்டுவிட வேண்டும். ‘ஸ்ஸ்ஸ்’, ‘ம்ம்ம்’, ‘ன்ன்ன்’ ஆகியவற்றை இழுத்துச் சொல்லலாம் என்பதால் இவற்றில் தொடங்குவது எளிது. ‘ப்’, ‘ட்’, ‘க்’ ஆகியவற்றைச் சட்டென்று, குரல் எழுப்பாமல் சொல்லி நிறுத்த வேண்டும்.

இன்னொரு சிக்கல் நமக்கே உரியது. ஆங்கிலத்தில் பூனைக்குரிய சொல்லையும் வாசல் கதவுக்குரிய சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘கேட்’. நம் எழுத்து இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. காதுதான் பிரித்தறிய வேண்டும். அதனால் ஆங்கில உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைத்து மனப்பாடம் செய்யவைப்பதை நான் ஏற்பதில்லை. ஒலி வேறுபாட்டைக் கண்ணுக்குக் காட்ட எளிய வழி இருக்கிறது. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, பேனாவுக்கான ஆங்கிலச் சொல்லை அழுத்திச் சொல்லுங்கள், தாள் துள்ளும். படுக்கைக்கான சொல்லைச் சொல்லும்போது தாள் அநேகமாக அசையாது. இதைப் பத்து முறை செய்து பார்த்தாலும் குழந்தைக்குச் சலிக்காது.

ஆனால் ஃபோனிக்ஸ் மட்டும் நம் குழந்தைக்குப் போதாது. இங்கிலாந்தில் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் ஏற்கெனவே காதில் இருக்கின்றன. எழுத்துக்கூட்டியதும் ‘அட, இது நமக்குத் தெரிந்ததாயிற்றே’ என்று பொருள் பிடிபட்டுவிடும். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைக்கு, சரியாகக் கூட்டிப் படித்த பிறகும் அது வெறும் சத்தமாகவே நின்றுவிடுகிறது. ‘எப்போது பார்த்தாலும் பாட்டும் ஆட்டமும்தான், பாடம் எப்போது நடத்துவார்கள்?’ என்று மழலையர் பள்ளி வாசலில் கேட்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தையின் காதில் அந்தச் சொற்களைச் சேர்ப்பவை பாட்டும் ஆட்டமும்தான். அதுதான் பாடம்.

பாட்டில் ஒரே ஓசையில் முடியும் சொற்கள் அடுக்கடுக்காக வரும். நம் யாப்பில் அதற்கு இயைபு என்று பெயர். ஒரே ஒலியில் தொடங்கினால் மோனை. ஒலிகளைத் தனித்துக் கேட்கும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, கையால் தொட்டுக் காட்ட முடிகிற பொருள் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தலை, தோள், முழங்கால் என்று தொட்டுக்கொண்டே பாடுவது, பனிப்பொழிவைப் பற்றிப் பொருள் புரியாமல் பாடுவதைவிடப் பல மடங்கு பயன் தரும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் இதையே ஒரு கற்பித்தல் முறையாக வகுத்தார். ‘எழுந்திரு, குதி, கதவைத் தொடு’ என்று ஆங்கிலத்தில் சொல்ல, குழந்தை செய்தால் போதும். பதில் பேச வேண்டியதில்லை. பேச்சு பிறகு வரும், அவசரப்படுத்த வேண்டாம்.

ஆட்டங்களுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. வாசலில் பாண்டிக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு எழுத்து எழுதுங்கள். சில்லு விழுந்த கட்டத்தின் ஒலியைச் சொன்ன பிறகே நொண்டியடிக்கலாம். கொஞ்ச நாளில், மூன்று கட்டங்களில் வரிசையாகக் குதித்து ஒரு சொல்லையே உருவாக்கச் சொல்லலாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்காகத் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் பாடல், ஆட்டம், செயல்பாடுகள் வழியாகவே நடக்கிறது.

எழுத்துக்கூட்டினாலும் சிக்காத சொற்கள் ஆங்கிலத்தில் கொஞ்சம் உண்டு. ‘ஒன்’, ‘வாஸ்’, ‘செட்’ போன்றவற்றை அப்படியே கண்ணால் பழக வேண்டியதுதான். வாரத்துக்கு இரண்டு மூன்று போதும்.

குழந்தை உண்மையிலேயே ஒலி கூட்டுகிறதா, இல்லை மனப்பாடமாகச் சொல்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுக் குழந்தைகளுக்கு நடக்கும் ஃபோனிக்ஸ் தேர்வில் 40 சொற்கள். அவற்றில் பாதி, பொருளே இல்லாத கற்பனைச் சொற்கள். முன்பே பார்த்திராத சொல்லை ஒப்பிக்க முடியாதல்லவா! அந்த ஆறு எழுத்துகளை வைத்தே நீங்களும் ‘டிஸ்’, ‘நேஸ்’ என்று இரண்டு மூன்று உருவாக்கி, ‘இது ஒரு பூதத்தின் பெயர், படி பார்ப்போம்’ என்று கேளுங்கள். கூட்டிச் சொல்லிவிட்டால் அடுத்த எழுத்துகளுக்குப் போகலாம். தடுமாறினால் அந்த ஆறு எழுத்துகளிலேயே இன்னும் சில நாள் விளையாடுங்கள்.