கட்டமுது தந்த கருணை

யாத்திரை புறப்படும்போது நாம் எதையெல்லாம் மறவாமல் எடுத்து வைக்கிறோம்! அர்ச்சனைக்குரிய பொருள்கள், விளக்குத் திரி, தேவாரப் புத்தகம், மாற்று வேட்டி, மாத்திரைப் பெட்டி. உணவு குறித்துக் கேட்டால் மட்டும், "வழியில் எங்கேயாவது பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிடுகிறோம். நானும் அவ்வாறே சொல்லிக்கொண்டிருந்தவன்தான். அந்த அலட்சியத்துக்கு ஒரு நாள் பெரிய விலை கொடுக்க இருந்தேன். இறைவன் காத்தான்.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டு, புதுவையிலிருந்து ஒரு வேன் அமர்த்திக்கொண்டு உறவினர் ஒன்பது பேர் நவக்கிரகத் தலங்களுக்குப் புறப்பட்டோம். எங்களில் மூத்தவர் என் மனைவியின் தமையனார். அப்போது அவருக்கு வயது 74. நீண்ட நாள் சர்க்கரை நோயாளி. பயணத் திட்டம் முழுவதையும் நானே வகுத்திருந்தேன். எந்தக் கோயில் எத்தனை மணிக்குத் திறக்கும், எப்போது நடை சாத்தும், இடையே எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி, ஓட்டுநரிடமும் ஒரு பிரதி கொடுத்திருந்தேன்.

விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி, சிதம்பரத்தில் கூத்தப்பிரானைத் தரிசித்தோம். பசித்தவர்கள் சிற்றுண்டி பற்றிப் பேச்செடுத்தார்கள். "நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். அடுத்த தரிசனத்தையும் முடித்துவிட்டுச் சாப்பிடலாம்" என்றேன். சாலையோர உணவகங்களின் தூய்மை பற்றிய அச்சமும் எனக்கு இருந்தது. மைத்துனர் மறுபேச்சுப் பேசவில்லை. விரதம் இருந்து தரிசிப்பதாகவே அவர் எண்ணிக்கொண்டார். ஆனால், காலையில் வழக்கமான சர்க்கரை மாத்திரையை விழுங்கியிருந்தார். அது எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை.

அடுத்த தலத்தில் நீண்ட வரிசை. முற்பகல் பதினொன்றரை மணி இருக்கும். மைத்துனரின் சட்டை வியர்வையில் நனைந்திருப்பதைக் கண்ட என் மனைவி, "அண்ணா, என்ன செய்கிறது?" என்று கேட்டாள். அவர் சொன்ன பதில் குழறியது. கைகள் நடுங்கின. இருவர் தாங்கிப் பிடித்து வெளியே அழைத்து வந்தோம். எங்கள் பைகளில் திருநீறு இருந்தது, கற்பூரம் இருந்தது. ஒரு பிடி சர்க்கரை இல்லை.

குளக்கரைக்கு அப்பால் ஒரு வேப்ப மரத்தடியில், சேலம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தார் தங்கள் வேனை நிறுத்திச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தடுமாறுவதைக் கண்டு, அவர்களுள் ஒரு பாட்டி கேள்வி எதுவும் கேட்காமல் ஒரு தம்ளர் நீரில் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு ஓடிவந்தார். "மொதல்ல இதக் குடிங்க சாமி, மத்தது அப்புறம்" என்றார். கால் மணி நேரத்தில் மைத்துனரின் முகம் தெளிந்தது. பிறகு அவரை அமர்த்தி, வாட்டிய வாழை இலையில் தயிர்ச்சோறு இட்டார்கள். எங்களுக்கும் ஒன்பது இலை போட்டார்கள். "உங்களுக்குப் போதுமா?" என்று கூச்சத்துடன் கேட்டேன். "கோயிலுக்குன்னு வந்தா நாலு பேருக்குச் சேர்த்துத்தான் உலை வைப்போம்" என்றார் பாட்டி.

முப்பத்தைந்து ஆண்டு கணக்குப் பார்த்தவன் நான். கோயில் நடை சாத்தும் நேரத்தை நிமிடக் கணக்கில் குறித்து வைத்தேன். உடன் வந்தவரின் பசி நேரத்தைக் குறிக்கவில்லை. அன்று என் கணக்கில் நேர்ந்த பிழை அதுதான்.

சுந்தரருக்கு விரித்த பந்தல்

ஊர் திரும்பியதும், எங்கள் திருமுறை வகுப்பில் ஓதுவாரிடம் இந்நிகழ்ச்சியைச் சொன்னேன். அவர் புன்னகையுடன், "நீங்கள் போன வழியிலேயே இதற்கு ஒரு தலம் இருக்கிறதே!" என்றார். சீர்காழிக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருக்குருகாவூரைத்தான் அவர் குறிப்பிட்டார்.

சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் கூறும் வரலாறு இது. சுந்தரமூர்த்தி நாயனார் அடியார் கூட்டத்துடன் சீர்காழியை வணங்கிவிட்டுத் திருக்குருகாவூர் நோக்கி வருகிறார். கடும் வெயில். பசியும் நீர்வேட்கையும் வாட்டுகின்றன. தோழரின் வருத்தம் அறிந்த இறைவன், ஓர் அந்தணராக வடிவெடுத்து வழியில் பந்தல் அமைத்து, குளிர்ந்த நீரும் பொதிசோறும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நாவலூரர் வந்ததும் அழைத்து உணவளிக்கிறார். அவர் உண்டார், உடன் வந்த அடியார் அனைவரும் உண்டனர். களைப்புத் தீரப் பந்தல் நிழலில் கண்ணயர்ந்தனர். விழித்தபோது பந்தலும் இல்லை, படைத்தவரும் இல்லை. வந்தவர் யார் என்று அப்போதுதான் சுந்தரர் உணர்ந்தார். உருகிப் பதிகம் பாடிக்கொண்டே திருக்கோயிலை அடைந்தார்.

அப்பர் பெருமானுக்கும் இவ்வருள் கிட்டியது. திருச்சிக்கு அருகிலுள்ள திருப்பைஞ்ஞீலிக்கு வரும் வழியில் அவர் பசியால் தளர்ந்தபோது, சோலையும் குளமும் உண்டாக்கி, பொதிசோறு கொடுத்து, உடன் நடந்து வந்து மறைந்தார் சிவபெருமான்.

இவ்விரு வரலாறுகளையும் நான் முன்பே கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த நிகழ்ச்சிக்குப் பிறகே ஒன்று மனத்தில் தைத்தது. "முதலில் கோயிலுக்கு வந்து என்னை வணங்கு, பிறகு உணவு" என்று இறைவன் சொல்லவில்லை. அடியார் கோயிலை அடையும் முன்பே, பாதி வழியில் சோற்றுடன் காத்திருந்தான். அவனே அப்படிச் செய்திருக்க, உடன் வரும் முதியவரைப் பட்டினி போட்டுத் தரிசனத்துக்கு இழுத்துச் செல்ல நாம் யார்?

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். சந்திரன் தலமாகிய திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், திருநாவுக்கரசர் பெயரால் வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப்பந்தல் வைத்தார். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் அன்னசத்திரங்கள் அமைத்தனர். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. கால்நடையாகவும் வண்டியிலும் சென்ற காலத்தில் சத்திரம் காத்தது. வேனில் விரையும் நமக்கு, நாம் கட்டிக்கொண்டு போவதே சத்திரம்.

முதல் நாளுக்குக் கட்டுச்சோறு

அடுத்த ஆண்டு முதல் எங்கள் பயணம் மாறியது. சேலத்துப் பாட்டியிடம் கேட்டறிந்ததும், என் மனைவியின் அனுபவமும் சேர்ந்த முறைகள் இவை.

முதல் நாளுக்குப் புளியோதரை. பத்துப் பேருக்கு ஒரு கிலோ அரிசி, 150 கிராம் புளி, 200 மில்லி நல்லெண்ணெய் எனக் கொள்ளலாம். புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்பே எண்ணெய் பிரிந்து வரும்வரை காய்ச்சி வைத்துவிட வேண்டும். புளியின் புளிப்பும் உப்பும் எண்ணெயும் சோறு விரைவில் கெடாமல் காக்கின்றன. தேங்காயும் வெங்காயமும் சேரலாகாது. முக்கியமானது ஒன்று: சோற்றைச் சூட்டோடு மூடிக் கட்டக் கூடாது. அகன்ற தாம்பாளத்தில் பரப்பி, ஆறிய பிறகே கலந்து கட்ட வேண்டும். வெதுவெதுப்பாக மூடிக் கிடக்கும் சோற்றில்தான் கிருமி பெருகும். அது உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. அதிகாலையில் கலந்ததை அன்று மாலைக்குள் உண்டுவிட வேண்டும்.

தயிர்ச்சோற்றுக்கு ஒரு பக்குவம் உண்டு. குழைய வடித்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டு, தயிரைச் சிறு கிண்ணம் அளவே சேர்த்துப் பிசைய வேண்டும். வண்டியில் போகப் போக அது தானே தோய்ந்து, நண்பகலில் புளிக்காத பதத்தில் இருக்கும். இட்லி என்றால், இருபுறமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவி அடுக்குக. தேங்காய்ச் சட்னி வேண்டாம். வெயிலில் முதலில் கெடுவது அதுதான்.

மறுநாள் முதல் புதுச் சமையல்

இரண்டாம் நாள் முதல், தங்கும் இடத்தில் அனுமதி பெற்றுச் சமைக்கிறோம். ஒரு குக்கர், இரண்டு பாத்திரம், கரண்டி, அரிவாள்மணைக்குப் பதில் சிறு கத்தி, 20 லிட்டர் குடிநீர்க் கேன். இவை போதும். அரிசி, பயறு, மிளகு, சீரகம் அளந்து ஒரு பையில் கட்டி, "பொங்கல், இரண்டாம் நாள்" என்று எழுதி வைத்துவிடுவாள் என் மனைவி. ரவையை வீட்டிலேயே வறுத்து, கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்துக் கலந்து எடுத்துச் சென்றால், கொதிக்கும் நீர் மட்டுமே தேவை. ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு நீர் விட்டால் பத்து நிமிடத்தில் உப்புமா தயார். சுடுசோற்றுக்குப் பருப்புப்பொடி, நெய், நார்த்தங்காய் ஊறுகாய். காய்கறியை அந்தந்த ஊரில் வாங்கிக்கொள்ளலாம்.

அடுப்பே மூட்ட முடியாத இடத்துக்கு அவல் இருக்கிறது. நனைத்துப் பிழிந்து, தயிரோ வெல்லமோ சேர்த்தால் ஓர் ஆகாரம். குசேலர் கட்டிச் சென்றதைக் கண்ணன் விரும்பி உண்டான்; நமக்கு அது குறையாகுமா?

ஆனால், நெருப்பு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 அன்று அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நின்ற சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பற்றி எரிந்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த யாத்திரிகர் ஒன்பது பேர் உயிரிழந்தனர். விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவந்த எரிவாயு உருளையே காரணம் எனக் கண்டறியப்பட்டது. இராமேசுவரம் காண வந்தவர்கள் அவர்கள். ரயிலில் எரிவாயு உருளை கொண்டு செல்வது சட்டப்படி குற்றம். வேனுக்குள்ளும் ஒருபோதும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. மழையானாலும் காற்றானாலும் இதற்கு விலக்கே இல்லை. வெளியில் சமைப்பதானாலும் வண்டியிலிருந்து விலகி, திறந்த வெளியில், அனுமதி உள்ள இடத்தில் மட்டுமே சமைக்க வேண்டும்.

முதியோர் கவனத்துக்கு

சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்வோர், புறப்படும் முன்பே மருத்துவரைக் கேட்டுப் பயண நாள்களில் மருந்து எப்போது, உணவு எப்போது என்று எழுதி வாங்கிக்கொள்க. மருந்து உண்டபின் பட்டினி இருத்தல் ஆபத்து. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் தோன்றினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுக்கலாம். தெளிந்தபின் முழு உணவு தேவை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108க்கு அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

எங்கள் வேனில் இப்போது மூன்று வழக்கங்கள் உண்டு. சர்க்கரைப் பொட்டலம் ஒன்று, திருநீற்றுப் பையின் பக்கத்திலேயே இருக்கும். முதல் இலை ஓட்டுநருக்கு. ஒன்பது உயிரைச் சுமந்து செல்பவர் பசியோடு வண்டி ஓட்டலாகாது. எத்தனை பேர் போனாலும் நான்கு பேருக்குக் கூடுதலாகச் சமைப்போம். உண்ட இலையைக் குளத்திலோ மதிலோரமோ எறியாமல், பையில் கட்டி எடுத்து வருவதைச் சொல்லவும் வேண்டுமோ?

சென்ற ஆண்டு ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்குச் சென்றோம். பசியோடு வந்த அடியாருக்குச் சோறு இருந்தும் கறி ஆகாத நிலையில், கணவன் அனுப்பிய மாங்கனியை இலையில் இட்டவர் புனிதவதியார். பிறகு இறைவனே அவரை 'அம்மையே' என்று அழைத்தான். போகும் வழியில் திருக்குருகாவூரிலும் வணங்கினோம். இப்போது எண்பதைக் கடந்துவிட்ட மைத்துனரும் உடன் வந்தார்.

தரிசனம் முடிந்து, வெளியே நிழலில் பொதியை அவிழ்த்தோம். தனியாக நடந்து வந்த முதியவர் ஒருவர் சற்றுத் தள்ளி அமர்ந்திருந்தார். எவரும் சொல்லும் முன்பே மைத்துனர் ஓர் இலையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மொதல்ல சாப்பிடுங்க சாமி" என்று அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எந்த ஊர், என்ன பெயர் என்று அவர் கேட்கவே இல்லை.