வயிற்றுப் புழுவும் வாசல் மண்ணும்



மத்ரஸாவில் ஓதும்போதே தூங்கி விழும் பிள்ளையைச் சோம்பேறி என்று கடிந்துகொள்கிறோம். அதன் கீழ் இமையைச் சற்று விலக்கிப் பாருங்கள். வெளிறியிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். குடலில் கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கக்கூடும்.

திறந்த வெளியில் கழித்த மலத்திலுள்ள இப்புழுவின் முட்டைகள் ஈரமண்ணில் பொரிக்கின்றன. பத்து நாட்களுக்குள் அவ்விளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும் நிலையை அடைகின்றன. உருண்டைப்புழுவோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சம் முட்டைகள் இடும். அவை மண்ணில் ஆண்டுக்கணக்கில் அழியாதிருந்து, நகக்கண் வழியாகவும் கழுவாத காய்கறி வழியாகவும் வாயை அடையும்.

2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிக்கூடங்களிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாக வழங்கப்படுகிறது. தயங்காது கொடுங்கள். ஆயினும் மாத்திரை கொல்வது வயிற்றிலுள்ள புழுவை மட்டுமே; வாசல் மண்ணிலுள்ள முட்டையை அன்று. மண் மாறாதவரை புழு மீண்டும் வரும்.

நீர்த்துறை, நடைபாதை, நிழல் ஆகிய இடங்களில் மலம் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். நாமோ கைக்குழந்தையின் மலத்தைப் 'பச்சைப் பிள்ளையுடையதுதானே' என்று குப்பைமேட்டில் வீசுகிறோம். தவழும் பிள்ளை மண்ணை வாயில் வைக்கும். அதன் மலத்திலும் முட்டை இருக்கலாம். அதையும் கழிவறையிலேயே கொட்டுங்கள். இஸ்திஞ்சாவுக்குப் பின் வெறும் நீர் போதாது. சோப்பிட்டுக் கைகழுவப் பழக்குங்கள். பள்ளிவாசலில் நம் செருப்பைத் தேடித்தேடி அணியும் நாம், கொல்லைக்குச் செல்லும் பிள்ளையின் வெறுங்காலையும் பார்ப்போமாக. வெள்ளிதோறும் நாம் நகம் வெட்டும்போது அவர்களுடைய நகத்தையும் வெட்டிவிடுங்கள்.