மகள்களுக்கு எழுதிவைக்காத ரேடியம்

1921 மே 20, வெள்ளை மாளிகையில் விழா. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வாரன் ஹார்டிங், மேரி கியூரிக்கு ஒரு கிராம் ரேடியத்தைப் பரிசளிப்பதாக ஏற்பாடு. அதன் விலை ஒரு லட்சம் டாலர். அமெரிக்கப் பெண்கள் ஊர் ஊராகத் திரட்டிக் கொடுத்த பணம் அது. விழாவுக்கு முந்தைய இரவு, நிதி திரட்டுவதில் முன்னின்ற பத்திரிகையாளர் மிஸ்ஸி மெலனி தானப் பத்திரத்தை மேரியிடம் காட்டினார்.

மேரி நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு, இதை மாற்ற வேண்டும் என்றார். பத்திரம் அவர் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. அப்படியே விட்டால் தம் காலத்துக்குப் பிறகு ரேடியம் மகள்களின் சொந்தச் சொத்தாகிவிடும், அது ஆய்வுக்கூடத்துக்குத்தான் சேர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாமே என்று சொல்லிப் பார்த்தார்கள். இன்றிரவே தாம் இறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார் மேரி. அந்நேரத்தில் ஒரு வழக்கறிஞரைத் தேடிப் பிடித்து, பத்திரத்தைத் திருத்தி எழுதிய பிறகுதான் அவருக்கு நிம்மதி.

அந்த மகள்கள் இருவரும் அதே பயணத்தில் உடன் வந்திருந்தார்கள். மூத்தவர் ஐரீனுக்கு 23 வயது, இளையவர் ஈவுக்கு 16.

கணவனை இழந்த ஒரு தாய், கைக்கு வந்த பெருஞ்செல்வம் தன் பெண்களுக்குப் போய்விடக்கூடாதே என்று ராத்திரியில் வக்கீலைத் தேடுகிறார். பெண் பிறந்த மாதமே நகைச்சீட்டுச் சேர்கிற வீடுகளில் வளர்ந்த நமக்கு இது எளிதில் பிடிபடாது. அப்படியானால் மேரி தம் பெண்களுக்கு என்னதான் வைத்துவிட்டுப் போனார்? இந்த வாரம் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம்.

ஐரீன் பிறந்தது 1897 செப்டம்பர் 12. பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன, மேரியின் மாமியார் புற்றுநோயால் இறந்துபோனார். தனியாளாகிவிட்ட மாமனார் டாக்டர் யூஜின் கியூரி, மகன் பியர் வீட்டோடு வந்து சேர்ந்தார். பாரிஸில் இருந்த அந்த வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. குழந்தையின் எடை, அன்றன்று குடித்த பால், முளைத்த பல், முதல் தவழல் என்று ஒன்றுவிடாமல் மேரி அதில் குறித்துவந்தார். இன்னொரு நோட்டில் வீட்டு வரவுசெலவு. சமையல் புத்தகத்தின் ஓரத்தில், எட்டு பவுண்டு பழத்துக்கு அதே எடை சர்க்கரை போட்டுக் காய்ச்சியதில் பதினான்கு ஜாடி ஜெல்லி கிடைத்தது என்று ஒரு குறிப்பு.

அது எந்த ஆண்டு? 1898. அந்த ஜூலையில்தான் பொலோனியம் அறிவிக்கப்பட்டது. டிசம்பரில் ரேடியம். அடுத்த வாரமே, 1899 ஜனவரி தொடக்கத்தில், ஐரீனுக்குப் பதினைந்து பல் என்று நோட்டில் பதிகிறார் அந்தத் தாய். பிட்ச்பிளெண்ட் தாதுவை அளந்த அதே கையும் அதே கண்ணும்தான் குழந்தையின் பல்லையும் எண்ணின.

பகலெல்லாம் மேரியும் பியரும் ஆய்வுக்கூடத்தில் கிடக்க, பேத்தியைப் பார்த்துக்கொண்டவர் தாத்தா. கியூரி குடும்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இந்தப் பெரியவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. அவர் மருத்துவர், தீவிரக் குடியரசுவாதி, மதச் சடங்குகளில் நம்பிக்கை இல்லாதவர். செடிகொடிகளின் பெயர்களையும் விக்டர் ஹியூகோவின் கவிதைகளையும் ஐரீனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். பிற்காலத்தில் ஐரீனிடம் இருந்த அரசியல் பார்வைக்கும் அசைக்க முடியாத நிதானத்துக்கும் வித்து அந்தக் கிழவரின் மடியில் விழுந்தது. வீட்டில் அவர் இல்லாமல் போயிருந்தால் மேரியால் மரக் கொட்டகையில் டன் கணக்கில் தாதுவைக் காய்ச்சிக்கொண்டிருந்திருக்க முடியாது.

அந்தக் கொட்டகையைப் பற்றி ஈவ் எழுதிய ஒரு காட்சி உண்டு. 1902இல் ஓர் இரவு. நான்கு வயது ஐரீனுக்குத் தூக்கம் வரும்வரை அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். குழந்தை தூங்கியதும் மேரி கீழே வந்து, அவளுக்கு ஒரு புது ஏப்ரன் தைக்க உட்கார்ந்தார். மனம் ஒட்டவில்லை. கொஞ்சம் போய்வரலாமா என்று பியரைக் கேட்டார். வீட்டையும் குழந்தையையும் தாத்தாவிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் நடந்தே கொட்டகைக்குப் போனார்கள். விளக்கேற்றாமல் இருட்டிலேயே உட்கார்ந்து, சிறு கண்ணாடிக் குப்பிகளில் ரேடியம் நீலமாக ஒளிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒளிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தால் மூன்று தலைமுறை உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். பியர் அதை மேரியிடம் எடுத்துச் சொல்லத்தான் செய்தார். நம் வாழ்க்கை கடினமானது, நமக்கு ஒரு மகள் இருக்கிறாள், இன்னும் பிள்ளைகள் பிறக்கலாம் என்றார். சிறிது யோசித்துவிட்டு, அது அறிவியலின் இயல்புக்கு விரோதம் என்றார் மேரி. பியரும் அதைத்தான் நினைத்திருந்தார். பேச்சு அத்தோடு முடிந்தது. மகளுக்கென்று சேர்ந்திருக்கக்கூடிய செல்வத்தை அவர்கள் வேண்டாம் என்றது அதுதான் முதல் முறை.

ஈவ் பிறந்தது 1904 டிசம்பர் 6. அதற்கு முந்தைய ஆண்டு மேரிக்கு ஒரு கர்ப்பம் கலைந்திருந்தது. அதே ஆண்டுக் கடைசியில் நோபல் பரிசும் வந்திருந்தது. ஈவ் அடம்பிடிக்கிற குழந்தை. தொட்டிலில் விழித்துக்கொண்டு படுக்கவே மாட்டாள், வீறிடுவாள். தூங்கும்வரை தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். மூத்தவள் இப்படி இல்லை. இரண்டாவது குழந்தை முதல் குழந்தையின் நகல் ஆகாது என்பதை எந்த வீட்டிலும் இரண்டாவது குழந்தைதான் சொல்லிக்கொடுக்கிறது.

1906 ஏப்ரல் 19, மழை நாள். பாரிஸின் தோஃபின் தெருவைக் கடக்கையில் பியர் சறுக்கி விழுந்தார். பாரம் ஏற்றிய குதிரை வண்டியின் சக்கரம் தலைமேல் ஏறியது. ஐரீனுக்கு அப்போது எட்டு வயது, ஈவுக்குப் பதினாறு மாதம். பக்கத்து வீட்டில் பெரன் குடும்பத்துப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்த ஐரீனிடம், அப்பாவுக்குத் தலையில் அடி, ஓய்வெடுக்க வேண்டும் என்று மட்டும் முதலில் சொன்னார்கள். அடக்கம் முடிந்த பிறகுதான் மேரி உண்மையைச் சொன்னார். முதலில் புரியாததுபோல் இருந்த குழந்தை பிறகு அழுதாள்.

விதவைக்கும் குழந்தைகளுக்கும் உதவித்தொகை தர அரசு முன்வந்தது. தமக்கு இன்னும் உழைக்கிற வயதுதான், பிள்ளைகளைத் தாமே காப்பாற்றிக்கொள்வதாகச் சொல்லி மறுத்துவிட்டார் மேரி. கணவரும் தாமும் பிரித்தெடுத்துச் சேர்த்த ரேடியம் கையில் இருந்தது. பத்து லட்சம் தங்க ஃபிராங்குக்கு மேல் பெறும். பெண் குழந்தைகளுக்கென்று வைத்துக்கொள் என்று உறவினர் சொன்னார்கள். மாமனாரைக் கலந்தார். அவரும் ஒப்புக்கொள்ள, அதை ஆய்வுக்கூடத்துக்கே கொடுத்தார். இது இரண்டாவது முறை.

ஒன்றை மட்டும் அவரால் கொடுக்க முடியவில்லை. பியர் என்ற பெயரை வாய்விட்டுச் சொல்ல மேரியால் ஆகவில்லை. அப்பாவைப் பற்றிய பேச்சே இல்லாத வீட்டில் பெண்கள் வளர்ந்தார்கள். ஐரீனுக்காவது நினைவுகள் இருந்தன. ஈவுக்கு அதுவும் இல்லை. துயரத்தை அப்படிப் பூட்டிவைத்தது மேரியின் பெரிய தவறு. பூட்டிய துயரம் குழந்தைகள்மேல்தான் போய் விழும். அந்த நாட்களில் வீட்டில் சிரிப்பைக் காப்பாற்றியவர், தாமும் மகனைப் பறிகொடுத்த தாத்தாதான். 1910 பிப்ரவரியில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

பியர் இறந்த பிறகு சோ என்ற புறநகரில் தோட்டத்தோடு ஒரு வீடு பார்த்துக் குடிபோயிருந்தார்கள். தோட்டத்தில் கம்பம் நட்டு, தொங்கு வளையமும் ஏறுகயிறும் கட்டினார் மேரி. காலையில் ஒரு மணி நேரம் பாடம், பிறகு எந்த மழை வெயிலானாலும் வெளியே நடை, உடற்பயிற்சி. தையல், சமையல், தோட்டவேலை, சைக்கிள், நீச்சல் எல்லாம் கற்றார்கள். இடி இடித்தால் தலையணைக்கடியில் ஒளியக்கூடாது. இருட்டைக் கண்டு பயப்படக்கூடாது. பதினொன்று, பன்னிரண்டு வயதிலேயே பெண்கள் தனியாகப் பயணம் போனார்கள். போலந்துப் பெண்களை வீட்டில் வைத்துத் தம் தாய்மொழியையும் கற்பித்தார். ரஷ்ய ஆட்சியில் போலிஷ் மொழிக்குப் பள்ளியில் இடமில்லாத வார்சாவில் வளர்ந்தவர் அவர். மொழியை இழப்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

பள்ளிக்கூட விஷயத்தில் அவர் செய்தது இன்றைக்கும் யோசிக்க வைக்கிறது. காற்றில்லாத வகுப்பறையில் பிள்ளைகளை நாளெல்லாம் அடைத்துவைப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. பேராசிரிய நண்பர்களைச் சேர்த்து ஒரு கூட்டுறவு வகுப்பைத் தொடங்கினார். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். நாளைக்கு ஒரே பாடம். கணக்குக்கு பால் லாஞ்செவின், வேதியியலுக்கு ஜான் பெரன், சிற்பம் பழக்க மக்ரூ என்ற சிற்பி, வியாழக்கிழமை இயற்பியலுக்கு மேரி. சைக்கிளின் பேரிங் பால்ஸை மையில் தோய்த்துச் சரிவுப் பலகையில் உருட்டிவிடச் சொன்னார். பலகையில் மைக்கோடு வளைந்து விழுந்தது. விழும் பொருளின் விதியைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். ஒருநாள், பாத்திரத்தில் இருக்கும் சூடான திரவம் ஆறாமலிருக்க என்ன செய்யலாம் என்று கேட்டார். கம்பளி சுற்றலாம், அதைச் செய்யலாம், இதைச் செய்யலாம் என்று ஆளாளுக்கு யோசனை. முதலில் மூடியைப் போடுவேன் என்றார் மேரி. அந்த வகுப்பில் இருந்த இசபெல் ஷவான் என்ற சிறுமி எடுத்த குறிப்புகள் 2003இல் புத்தகமாகவே வந்தன. வகுப்பு இரண்டு ஆண்டுதான் நடந்தது. பெற்றோருக்கு நேரம் போதவில்லை, பிள்ளைகளுக்குத் தேர்வுகள் வந்தன. ஐரீன் செவீஞே என்ற தனியார் பள்ளிக்குப் போனாள்.

ஐரீன் அம்மாவின் வார்ப்பு. விடுமுறையில் பிரிந்திருந்தால் கடிதத்தில் கணக்குப் போட்டு அனுப்புவார் மேரி. மகள் விடை எழுதி அனுப்புவாள். 1911 டிசம்பரில் மேரி இரண்டாவது நோபல் பரிசை வாங்கப் போனபோது ஸ்டாக்ஹோமில் கூட இருந்தவள் பதினான்கு வயது ஐரீன். முதல் உலகப் போர் வந்ததும், எக்ஸ்ரே கருவியைக் கார்களில் ஏற்றிக்கொண்டு காயம்பட்ட சிப்பாய்களைத் தேடிப் போனார் மேரி. மகளும் உடன் போனார். பதினெட்டு வயதில், போர்முனைக்கு அருகே ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே பொறுப்பு முழுவதும் ஐரீனிடம். அதற்கிடையிலேயே சோர்போனில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் தேறினார்.

ஈவ் வேறு மாதிரி. சின்ன வயதிலேயே பியானோவில் விரல் ஓடியது. இசை தெரியாத மேரி அவளுக்குப் பெரிய பியானோ வாங்கித் தந்தார். அவள் மருத்துவம் படித்து ரேடியத்தால் நோய் தீர்க்கும் வழியில் போக வேண்டும் என்று உள்ளூர ஆசை இருந்தது, ஆனால் வற்புறுத்தவில்லை. 1925இல் ஐரீன் பொலோனியத்தின் ஆல்ஃபா கதிர்கள் பற்றி முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஈவ் பாரிஸில் முதல் கச்சேரி செய்தார். மாலையில் ஈவ் வெளியே கிளம்ப அலங்கரித்துக்கொள்வதை மேரி உட்கார்ந்து பார்ப்பார். செருப்பின் குதி உயரம் பற்றியும் முகப்பூச்சு பற்றியும் தம் அபிப்பிராயத்தை மறைக்க மாட்டார். தடுக்கவும் மாட்டார். ஐரீனை வளர்த்ததைவிட ஈவை வளர்த்ததில்தான் மேரி பெரிய தாய். தன்னைப்போல் இருக்கும் பிள்ளையிடம் பொறுமை காட்ட யாராலும் முடியும். ஆனாலும், தன் இளமைக்காலம் மகிழ்ச்சியானதாக இல்லை என்பதை ஈவ் பின்னாளில் எழுதிய நூலில் மறைக்கவில்லை. ஆய்வுக்கூடமும் ஐரீனும் மேரியும் ஒரு பக்கம், தான் ஒரு பக்கம் என்ற தனிமை அந்த நூலில் பல இடங்களில் தெரிகிறது.

1921இல் அமெரிக்காவில் எழுதிய பத்திரத்தின்படி அந்த ரேடியம் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் ஐரீன் அம்மாவின் உதவியாளராக வேலை செய்தார். கணவர் ஃபிரெடரிக் ஜோலியோவோடு சேர்ந்து 1934 ஜனவரியில் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டறிந்து அம்மாவுக்குக் காட்டினார். அதற்கு நோபல் பரிசு கிடைத்தது 1935இல், மேரி இறந்து ஓராண்டுக்குப் பிறகு. 1936இல் லியோன் ப்ளூம் அமைச்சரவையில் ஐரீன் துணைச் செயலர் ஆனபோது பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமையே கிடையாது.

1934 ஜூலை 4இல் சான்செல்மோஸ் மலைச் சிகிச்சையகத்தில் மேரி இறந்தபோது, கடைசி வாரங்களில் படுக்கை அருகே இருந்து பார்த்துக்கொண்டவர் ஈவ். 1937இல் அவர் எழுதிய தாயின் வாழ்க்கை வரலாறு பல மொழிகளுக்குப் போயிற்று. அந்த ஏப்ரனும் இருட்டுக் கொட்டகையும் நமக்குத் தெரியவந்தது அதனால்தான். இரண்டாம் உலகப் போரில் நிருபராகப் பல நாடுகள் சுற்றினார். 1942இல் இந்தியாவுக்கும் வந்து காந்தியையும் நேருவையும் சந்தித்தார். ஐ.நா. குழந்தைகள் நிதியத்துக்கு 1965இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தபோது அதன் செயல் இயக்குநராக இருந்தவர் ஈவின் கணவர் ஹென்றி லபுயிஸ்.

மேரி இறந்தது ரத்தம் ஊறாமல் போகும் நோயால், 66 வயதில். ஐரீன் 1956இல் ரத்தப் புற்றுநோயால், 58 வயதில். ஆய்வுக்கூடம் பக்கமே வேலைக்குப் போகாத ஈவ், 2007 அக்டோபர் 22இல் நியூயார்க்கில் காலமானார். அப்போது அவருக்கு வயது 102.

(தொடரும்)