‘சர்ச்’ என்னும் சொல்

ஆங்கிலத்தில் ‘சர்ச்’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. அதன் கூரை ஒழுகுகிறது என்றால் கட்டடம். பத்து மணிக்குத் தொடங்கும் என்றால் ஆராதனை. மெதடிஸ்ட் என்ற அடைமொழியோடு வந்தால் ஒரு சபைப் பிரிவு. ஒருவருடைய மகன் அதில் நுழைந்தான் என்றால் குருப்பட்டம். விசுவாசப் பிரமாணத்திலோ அது எக்காலத்து விசுவாசிகளையும் உள்ளடக்கிய திருச்சபையைக் குறிக்கிறது.

இச்சொல் ‘ஆண்டவருக்குரியது’ எனப் பொருள்படும் ‘கூரியாக்கோன்’ என்னும் கிரேக்கச் சொல்லினின்று தோன்றியது. தொழுகை இல்லத்துக்கு வழங்கிய பெயர் அது. புதிய ஏற்பாட்டின் ‘எக்ளேசியா’வோ கூடிவந்த மக்களைக் குறிப்பது. வேறான இவ்விரண்டையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியது.

இதை உணர்ந்த வில்லியம் டிண்டேல், தமது 1526ஆம் ஆண்டுப் புதிய ஏற்பாட்டில் எக்ளேசியாவைக் ‘காங்கிரிகேஷன்’, அதாவது கூடிய மக்கள், என்று பெயர்த்தார். 1529இல் தாமஸ் மோர் இதை வன்மையாகக் கண்டித்தார். மோரின் நண்பரான எராஸ்மஸும் தமது இலத்தீன் மொழிபெயர்ப்பில் அவ்விதமே செய்திருக்க, அவரை ஏன் கண்டிக்கவில்லை என்று 1531இல் டிண்டேல் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மோரின் அச்சமும் வீணானதன்று. எக்ளேசியா என்பது மக்களே என்றால், குருமார் மட்டுமே திருச்சபை என்ற எண்ணத்துக்கு இடமேது?

1604இல் வகுக்கப்பட்ட மொழிபெயர்ப்பு விதிகள் ‘சர்ச்’சை மாற்றலாகாது என்று கட்டளையிட்டன. விளைவை 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில், அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தில் காணலாம். எபேசு நகரத்தாரின் கூட்டத்தைக் குறிக்க எக்ளேசியா 32, 39, 41 ஆகிய வசனங்களில் வருகிறது. அங்கே ‘சர்ச்’ இல்லை. 37ஆம் வசனத்தில் எக்ளேசியா இல்லை. புறஜாதியாரின் கோயில்களைக் கொள்ளையிடுவோர் என்ற இடத்தில் ‘சர்ச்’ நிற்கிறது! டிண்டேலும் இவ்விடத்தில் அச்சொல்லையே எழுதியிருந்தார். அவர் செவிக்கு அது கட்டடமாகவே ஒலித்தது போலும். 1881ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு இதனை மாற்றிற்று.

தமிழ் வேதாகமத்தில் சபை வேறு, ஆலயம் வேறு. இது நமக்குக் கிடைத்த பேறு. ஆங்கில விளக்கவுரைகளைக் கொண்டு பிரசங்கம் ஆயத்தம் செய்யும் மாணவர் ‘சர்ச்’ என்பதை அப்படியே எடுத்தாளும்போது இப்பேறு கைநழுவுகிறது. பிரிஸ்கில்லா, ஆக்கில்லா வீட்டிலிருந்த சபை (ரோமர் 16:5) என்பது வீட்டுக்குள் கட்டிய சிற்றாலயம் என்று கேட்போர் மயங்குவர்.

‘சபை’ என்னும் சொல்லும் இன்று தெளிவாக நிற்கவில்லை. ‘சபை தீர்மானித்தது’ என்று ஆராதனையில் அறிக்கை வாசிக்கிறோம். தீர்மானித்தது சேகரக் குழுவா, திருமண்டலச் செயற்குழுவா, பேராயரா என்று வினவினால், பலவேளைகளில் அறிக்கையைக் கேட்டு அமர்ந்திருக்கும் எக்ளேசியா மட்டும் அப்பட்டியலில் இராது.