மூன்று மில்லிமீட்டர் செய்யும் வேலை!

தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா அறுவடை நடக்கும்போது வயலில் இரண்டு வகை அறுவடை இயந்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று டயர் வண்டி; மற்றொன்று பெல்ட் வண்டி. ஈரம் காயாத வயலில் டயர் வண்டி புதைந்துவிடும். பெல்ட் வண்டி புதையாது. அதன் எடை நீளமான பெல்ட் முழுவதும் பரவுவதுதான் காரணம்.

அப்படியானால், தரையில் அதிகமாகப் பதிவதுதான் எல்லா வண்டிக்கும் நல்லதா? இல்லை. வண்டி திரும்பவும் வேண்டுமே!

பெல்ட் வண்டிக்குத் திரும்பக்கூடிய முன்சக்கரம் கிடையாது. ஒரு பக்கப் பெல்ட்டை நிறுத்தி, மறுபக்கத்தை ஓட்டித்தான் திரும்பும். அப்போது அது சேற்றைப் பக்கவாட்டில் வழித்துத் தள்ளும். கவனித்துப் பாருங்கள்.

இதே முறையில் திரும்பும் இன்னொரு வண்டி உண்டு. அது போட்டி ரோபோ! அமெரிக்காவில் டீன் கேமன் என்பவர் 1989-ல் தொடங்கிய 'ஃபர்ஸ்ட்' அமைப்பு, 1992 முதல் பள்ளி மாணவர்களுக்கு ரோபோ போட்டி நடத்துகிறது. ஓர் ஆட்டம் ஏறத்தாழ இரண்டரை நிமிடம்தான். விரிப்புப் போட்ட தளத்தில், மாணவர்கள் செய்த கனமான ரோபோக்கள் ஓடும். பல ரோபோக்களுக்குப் பக்கத்துக்கு மூன்றாக ஆறு சக்கரங்கள் இருக்கும்.

ஆறு சக்கரங்களும் ஒரே மட்டத்தில் இருந்தால், திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் விரிப்பில் பக்கவாட்டாகத் தேயும். ரோபோ முரண்டு பிடிக்கும், மோட்டார் சூடாகும். இதற்கு அணிகள் செய்வது சிறிய வேலைதான். நடுச்சக்கரத்தைச் சுமார் 3 மி.மீ. தாழ்த்திவிடுவார்கள்! அதன்பின் ஒரே நேரத்தில் நான்கு சக்கரங்களே தரையில் படும். ரோபோ எளிதாகத் திரும்பும்.

இதை நீங்களே சோதிக்கலாம். இரண்டு பாதங்களையும் முழுவதும் பதித்தபடி பின்பக்கம் திரும்பிப் பாருங்கள். கஷ்டமாக இருக்கிறதா? உடற்பயிற்சி வகுப்பில் 'அபவுட் டர்ன்' என்றால் ஒரு காலின் குதியையும் மறுகாலின் முன்பகுதியையும் ஊன்றித்தானே திரும்புவீர்கள்? அதே தந்திரம்தான்! ஆனால் நடுச்சக்கரத்தை அதிகமாகத் தாழ்த்தினால், ரோபோ சீசா பலகை போல ஆடும்.

சக்கரம் சரியானால் மட்டும் போதாது. பல ரோபோக்களில் மோட்டார் நடுச்சக்கரத்தைச் சுழற்றும். அங்கிருந்து முன்னும் பின்னும் செயின் போகும். செயின் தொய்ந்தால் பல் தாண்டிக் கழன்றுவிடும். மிகவும் இறுகினாலும் ஆபத்துதான். பேரிங் தேயும், பேட்டரி சக்தி வீணாகும்.

உங்கள் சைக்கிளுக்கும் இதே விதிதான். இரண்டிலும் இருப்பது, ஹான்ஸ் ரெனால்ட் 1880-ல் காப்புரிமை பெற்ற உருளைச் செயினின் வாரிசே. சைக்கிள் செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் ஒன்று, இரண்டு செ.மீ. அசைய வேண்டும். அதைவிடத் தொய்ந்தால், பின்சக்கர நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை இருபுறமும் ஒரே அளவு பின்னுக்கு இழுத்து முடுக்க வேண்டும். இதைப் பெரியவர்கள் உதவியோடு செய்யுங்கள்.

செயின் ஏன் நீள்கிறது? இரும்பு ரப்பர் போல இழுபடுவதில்லை. கண்ணிகளைக் கோக்கும் ஆணிகள் தேய்கின்றன. அதை அளக்க உங்கள் ஸ்கேலே போதும்! சைக்கிள் செயினில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் நடுவே அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, ஓர் ஆணியின் நடுவில் பூஜ்யத்தை வைத்து அளந்து பாருங்கள். 25-வது ஆணி 12 அங்குலக் கோட்டைத் தாண்டி 3 மி.மீ. தள்ளி நின்றால், செயினை மாற்றியாக வேண்டும். கணக்குப் போடுங்கள்: ஒரு கண்ணிக்குக் கூடியது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான்!

அளக்கும்போது யாரும் பெடலைச் சுற்றக்கூடாது, விரல் பத்திரம்! செயின் கவர் மூடியிருந்தால் சைக்கிள் கடை அண்ணனிடம் சொல்லுங்கள்.

தேய்ந்த செயின் வீட்டு வாசலில் சும்மா இருக்கும். பாலத்து மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போதுதான் பல் தாண்டும். கால் நழுவிச் சாலையில் விழ நேரும். 3 மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடலாமா? இந்த ஞாயிற்றுக்கிழமையே அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள்!